பாறையில் முளைத்த கீழாநெல்லி

என் கணவருக்கு மஞ்சள் காமாலை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்த அன்று, கிளினிக் படியிறங்கும்போதே அவர் சொன்னார்: "கீழாநெல்லி தின்னா சரியாப் போயிரும். நம்ம வீட்டுக்குப் பின்னாடியே மொளச்சுக் கெடக்குல்ல." நானும் தலையாட்டினேன். 

அப்போது திருப்பூரில் தாராபுரம் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். எல்லாரும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். எங்களைப் போல விருதுநகர்ப் பக்கமிருந்து வந்தவர்கள் பாதி, ஒடிசாக்காரர்கள் மீதி. வரிசைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு பாறை சுவர் மாதிரி நிற்கும். அதன் மேலேதான் எல்லாருக்கும் பொதுவான கக்கூஸும் குளியலறையும். ஏறிப்போகப் பக்கவாட்டில் படி உண்டு. பாறையின் காலடியில், தரைக்குள் ஒரு தொட்டி. மாநகராட்சித் தண்ணீர் அதில் வந்து நிறையும். மோட்டார் போட்டு மேலே ஏற்றி எல்லாரும் பிடித்துக்கொள்வோம்.

இந்த ஊரில் போர் தண்ணீர் உப்பு. அது துவைக்கவும் குளிக்கவும். குடிக்கிற தண்ணீருக்குப் பெயரே நல்ல தண்ணி. "நல்ல தண்ணி வந்திருச்சா?" என்பதுதான் எங்கள் வரிசையில் ஒருவரை ஒருவர் கேட்கிற முதல் கேள்வி. சாப்பிட்டாயா என்று கேட்பதெல்லாம் அதற்கப்புறம்.

பாறைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த சந்தில் நாங்கள் துணி காயப்போடுவோம். அங்கேதான், பாறையின் நடுவில் ஓடிய ஒரு வெடிப்பில், அந்தச் செடி வந்தது. சித்திரை வெயிலில் தெருவில் வேப்பமரமே துவண்டு நிற்கும்போது இது மட்டும் பச்சைப்பசேல் என்று தொங்கியது. காம்புக்கு இருபுறமும் சின்னச் சின்ன இலைகள், ஜோடி ஜோடியாக. என் கணவர் பல் தேய்க்கும்போது தினமும் அதன் எதிரில்தான் நிற்பார். எங்கள் வீட்டில் என்னைத் தவிர அவர் ரசித்துப் பார்த்த பச்சை அது ஒன்றுதான் என்று நான் கேலி செய்வேன். எனக்குப் பச்சைச் சேலைதான் அதிகம்.

காமாலை வந்ததும் அவர் நேராக அந்தப் பாறைக்குத்தான் போனார். ஓர் இலையைக் கிள்ளி, திருப்பி, என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாரு. இலைக்குக் கீழ காய் இருக்கா? கீழ காய்ச்சா கீழாநெல்லி. பேருலயே இருக்கு. இதுக்கு ஒரு வைத்தியர் வேணுமாக்கும்."

பார்த்தேன். இலையின் அடியில், ஓரத்தில், பழுப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ இருந்தது. நான் செக்கிங்கில் வேலை பார்ப்பவள். ஒரு பீஸைக் கையில் எடுத்தால் ஊசி விட்ட இடம், எண்ணெய்க் கறை, ஷேடு மாறின பனியன் கை, எதுவும் என்னிடம் தப்பாது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இலையைப் பார்த்தேன். கீழே காய் மாதிரிதான் இருந்தது. சரி என்றேன். இருவருமே மீசை முளைக்காத, தாவணி போடாத வயதில் ஊரை விட்டுக் கம்பெனிக்கு வந்தவர்கள். கீழாநெல்லி எங்களுக்குப் பெயராகத்தான் தெரியும். செடியாகத் தெரியாது. இது தெரியாமலே இத்தனை காலம் இருந்திருக்கிறோம் என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை.

டாக்டர் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதைச் செய்தேன். அவர் வாய் கொப்பளிக்கக்கூடக் காய்ச்சிய தண்ணீர். சொம்பைத் தனியாக எடுத்து வைத்தேன், டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தேன். மூலிகையை மட்டும் காய்ச்சவில்லை. காய்ச்சினால் சத்துப் போய்விடும் என்று அவர் சொன்னார், எனக்கும் அது நியாயமாகப் பட்டது. காலையில் வெறும் வயிற்றில், பச்சையாக மிக்ஸியில் அரைத்து, மோரில் கலக்கிக் கொடுப்பேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு உதட்டைத் துடைப்பார்.

"கசக்கவே இல்ல. நல்ல ஜாதிபோல."

கழுவும்போது அந்த இலையில் தண்ணீர் ஒட்டாது. முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். இலை நனையவே நனையாது. அதையும் அவர் பெருமையாகக் காட்டினார். அழுக்கே ஒட்டாத இலையாம். செடி வளர்த்தவரைப் போலப் பேசினார். பக்கத்து வீட்டு ஒடிசாக்காரப் பையனுக்குக் காய்ச்சலும் வாந்தியும் வந்தபோது, இவரே போய் ஒரு கைப்பிடி பறித்துக் கொடுத்து, எப்படி அரைக்க வேண்டும் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார். கோடி வீட்டிலும் வாங்கிப்போனார்கள். பாறை மொட்டையானது.

முதலில் கொஞ்சம் தேறினார். பசிக்கிறது என்றார். அதற்கப்புறம் ஒரு நாள் காய்ச்சல் அடித்தது. வயிற்றால் போக ஆரம்பித்தது, நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காமாலையோடு டைபாய்டும் இருக்கிறது என்றார்கள். அவர் கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக் கிடந்தார். ஓவர்லாக் மிஷினில் நாள் முழுக்க உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து கேரம் விளையாடுகிற ஆள். இப்போது தலையணையை நகர்த்த நான் வேண்டியிருந்தது.

"நாட்டு மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். என் கணவர் கண்ணைத் திறக்காமலே இல்லை என்று தலையை ஆட்டினார். அந்த நிலைமையிலும் பொய் சொல்லத் தெம்பு இருந்தது. டாக்டர் போனதும் என் கையைச் சுரண்டினார். "விட்டதுனாலதான் திரும்ப வந்துருச்சு. பாறையில இல்லன்னா சந்தையில வாங்கிட்டு வா. இங்க வச்சு யாருக்கும் தெரியாமக் குடிச்சுக்கிறேன்."

மறுநாள் காலையில் உழவர் சந்தைக்குப் போனேன். கீழாநெல்லி என்று கேட்டதும் கீரைக்காரம்மா ஒரு கட்டை எடுத்துப் பையில் போட்டார். நான் பார்க்கக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து முறத்தில் கொட்டினேன். கொட்டினதும் கை நின்றுவிட்டது.

இது வேறு செடி.

கீரைக்காரம்மா ஏமாற்றிவிட்டார் என்றுதான் முதலில் எனக்குக் கோபம் வந்தது. பின்னால் போய், பாறை வெடிப்பில் மிச்சமிருந்த ஒரே ஒரு தண்டை வேரோடு பிடுங்கி வந்தேன். கம்பெனியில் எங்கள் மேசைக்கு மேல் அப்ரூவ் ஆன சாம்பிள் ஒன்று எப்போதும் தொங்கும். சந்தேகம் வந்தால் பீஸைச் சாம்பிளோடு ஒட்டி வைத்து, கழுத்திலிருந்து அடிவரை பார்ப்போம். மனசுக்குள் இருக்கிற சாம்பிளை நம்பக் கூடாது என்பது எங்கள் பாடம். ஒரு வெள்ளைத் துண்டை விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

சந்தைச் செடியின் தண்டு பச்சை, நகம் பட்டால் நசுங்கியது. பாறைச் செடியின் தண்டு கன்னங்கரேல் என்று பளபளத்தது, கம்பி மாதிரி விறைப்பாக இருந்தது. சந்தைச் செடியின் இலை நீள்வட்டம். பாறைச் செடியின் இலை பாதி நிலா: ஒரு பக்கம் நேர்க்கோடு, மறுபக்கம் வளைவு. சந்தைச் செடியைத் திருப்பினேன். இலை வரிசைக்குக் கீழே, குட்டிக் காம்புகளில், பச்சையாக உருண்டையாகக் காய்கள் தொங்கின. யார் பார்த்தாலும் காய். பாறைச் செடியைத் திருப்பினேன். காய் இல்லை.

வளைந்த ஓரம் உள்பக்கமாக மடிந்திருந்தது. அந்த மடிப்புக்குள்தான் பழுப்புத் தூள். நான் இந்த ஊருக்கு வந்து முதலில் பார்த்த வேலை கைமடி. பனியனின் அடி ஓரத்தை மடித்து மடித்துத் தையல்காரருக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த இலையின் ஓரமும் அதே அகலத்தில், அதே ஒழுங்கில் மடிந்திருந்தது. அதைப் போய்க் காய் என்று பாஸ் பண்ணியிருக்கிறேன்.  வெறும் வயிற்றில் இத்தனை நாளாக என்னத்தை அரைத்துக் கொடுத்தேன்?

என் மகள் கோவையில் விடுதியில் தங்கித் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள். ஃபேஷன் டிசைன் படி, நாளைக்கே வேலை கிடைக்கும் என்று நான் சண்டை போட்டும் கேட்காமல் எடுத்த படிப்பு. அப்பாவுக்கு முடியவில்லை என்று அவளுக்குத் தெரியும், மூலிகைக் கதை தெரியாது. படம் எடுத்து அனுப்பிவிட்டுப் போன் செய்தேன்.

"மேல்பக்கம் எடுத்தா எப்டிம்மா சொல்றது? திருப்பி எடு. தண்டையும் எடு" என்றாள். எடுத்தேன். "நுனியப் பாரு, இலை இல்லாம நீண்டு போயி வேர் விட்டிருக்கா?" பார்த்தேன். நுனி வால் மாதிரி நீண்டு, முனையில் மயிரிழை வேர்கள் இருந்தன. அங்கிருந்து ஒரு குட்டிச் செடி கிளம்பியிருந்தது.

"பெரணிம்மா இது. அடியாண்டம்னு சொல்லுவாங்க. நம்ம நாட்டுச் செடிதான். பெரணிக்குப் பூ, காய் எதுவும் கெடயாது. ஓரத்துல மடிஞ்சு இருக்குல்ல, அதுக்குள்ள இருக்கிறது வெறும் தூள். அதுலருந்துதான் அடுத்த செடி வரும்."

"வெசமா?"

"வெசமெல்லாம் இல்ல. எதுக்குக் கேக்கற?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. 

"அம்மா, அது எங்க இருந்துச்சு?"

"பின்னாடி பாறையில. துணி காயப்போடற எடத்துல."

"அங்க மழை பேஞ்சுதா?"

"மழையா? போன ஐப்பசிக்கு அப்புறம் ஒரு தூத்தல் இல்ல."

"இது எப்பவும் தண்ணி கசியற பாறையிலதாம்மா வரும். காஞ்ச பாறையில இந்த வெயிலுக்கு ஒரு வாரம் தாங்காது. மழையும் இல்லன்னா அந்தப் பாறைக்குத் தண்ணி எங்கருந்து வருது?"

நான் போனைக் காதில் வைத்தபடியே பின்பக்கம் நடந்தேன். பாறையின் எதிரில் நின்றேன். கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்தேன். மேலே கக்கூஸின் பின்சுவர். சுவரை ஒட்டி செப்டிக் டேங்க்கின் சிமெண்ட் மூடி. அங்கிருந்து வெடிப்பு கோணல்மாணலாக இறங்கி, செடியைப் பிடுங்கின இடத்தைத் தாண்டி, தரையை நோக்கிப் போனது. செடி இருந்த பள்ளத்தில் விரலை வைத்தேன். ஜில்லென்று ஈரம். விரலை மூக்குக்குக் கொண்டுபோனேன். கக்கூஸ் வாடை. அதற்கப்புறம் மகள் போனில் என்ன சொன்னாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை.  எத்தனை டம்ளர் தண்ணீரைக் காய்ச்சியிருப்பேன். அத்தனையும் காய்ச்சிவிட்டு, இந்த ஈரத்தில் வளர்ந்ததை என் கையாலேயே பச்சையாக அரைத்து ஊட்டியிருக்கிறேன்.

வீட்டு ஓனருக்குப் போன் போட்டு, உடனே வந்தாக வேண்டும் என்று கத்தினேன். குண்டடம் பக்கத்துக்காரர், வயதானவர், யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். மொபெட்டில் வந்து இறங்கினார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"அதெப்படீங்க கண்ணு? பாறைங்க அது. மண்ணுன்னா ஒழுகுமுங்க, பாறை ஒழுகுமுங்களா? அதுக்குத்தானுங்க டேங்க்கைப் பாறை மேலயே கட்டுனது. அடியில சிமெண்ட்டே வேண்டாமுன்னு மேஸ்திரி சொன்னாருங்க."

"அடியில சிமெண்ட்டே போடலையா?"

"பாறைக்கு எதுக்குங்க சிமெண்ட்டு?"

அவர் பொய் சொல்லவில்லை. மனசார நம்பித்தான் சொன்னார். அவர் அப்படி நம்பிச் சொன்னதுதான் எனக்கு இன்னும் அதிர்ச்சியாக இருந்தது. விரலால் வெடிப்பைக் காட்டினேன். மேலிருந்து கீழே, கீழேயிருந்து தரைக்கு. அது தரையில் போய் முடிந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டியின் மூடி இருந்தது. இதை நான் அதுவரை யோசித்திருக்கவில்லை. அவரும் யோசித்திருக்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

அந்த மூடியை நாங்கள் திறந்ததே இல்லை. மோட்டார் குழாய் இறங்குவதற்காக அதன் ஒரு மூலையை உடைத்து விட்டிருந்தார்கள், அவ்வளவுதான் தெரியும். ஓனரும் கோடி வீட்டு ஆளும் கடப்பாரை போட்டு நெம்பி நகர்த்தினார்கள். ஓனர் குனிந்து பார்த்தார். குனிந்தவர் நிமிரவில்லை. "அட சாமி" என்று மட்டும் மெல்லச் சொன்னார்.

நானும் குனிந்தேன்.

தொட்டியின் மூன்று பக்கம் சிமெண்ட் சுவர். நான்காவது பக்கத்துக்குப் பாறையையே சுவராக விட்டிருந்தார்கள். உடைந்த மூலையின் வெளிச்சம் விழுகிற அந்தப் பக்கம் முழுக்கப் பெரணி. நாங்கள் பாறையில் பார்த்ததெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. என் முழங்கை நீளத்துக்கு, கறுத்த தண்டும் பாதி நிலா இலையுமாக, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து செழித்துக் கிடந்தது. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டு திரண்டு, கீழே இருந்த நல்ல தண்ணியில் விழுந்தது. விழுந்த சத்தம் மேலே கேட்டது.

அந்தத் தண்ணீரில் சோறு வடித்தோம், பிள்ளைகளுக்குப் பால் கலக்கினோம். விருந்தாளி வந்தால் முதலில் நீட்டியதும் அதுதான். என் கணவருக்குக் காமாலை எங்கிருந்து வந்தது என்று இனி ஒரு டாக்டரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஓனர் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தார். "போன வாரம் நானுங்கூட உங்க ஊட்டுல ஒரு சொம்பு வாங்கிக் குடிச்சேனுங்களே" என்றார்.  மோட்டாரின் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வீடு வீடாகக் கதவைத் தட்டி, குடத்திலிருக்கிற தண்ணீரைக் கொட்டச் சொன்னேன். இன்னும் காய்ச்சல் விடாத பக்கத்து வீட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு அவன் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றினேன். நானும் அதிலேயே ஏறிக்கொண்டேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, சாப்பாட்டை நினைத்தாலே குமட்டியது. யாருக்குத்தான் குமட்டாது என்று நினைத்துக்கொண்டேன்.

பையனைச் சேர்த்துவிட்டு வார்டுக்குப் போனேன். என் கணவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் விட்டிருந்தது. கையில் ட்ரிப் ஓடிக்கொண்டிருக்க, அடுத்த கட்டிலில் காமாலையோடு படுத்திருந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் கீழாநெல்லி வேலைங்க. உள்ள போனது இப்பத்தான் வேலை செய்யுது. எங்க வீட்டுப் பின்னாடி பாறையிலயே இருக்கு. இந்தா என் சம்சாரம் வந்துட்டா. நாளைக்கு உங்களுக்கும் ஒரு கைப்பிடி கொண்டாரச் சொல்றேன்."

அடுத்த கட்டில்காரர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மெதுவாகச் சொல்லலாம், உடம்பு தேறினதும் சொல்லலாம் என்றெல்லாம் ஆட்டோவில் யோசித்து வைத்திருந்தேன். அந்தக் கும்பிடைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. நின்றபடியே சொன்னேன். அது கீழாநெல்லி இல்லை, பெரணி. செப்டிக் டேங்க் கசிகிற ஈரத்தில் வளர்ந்தது. அந்தக் கசிவு நேராக நல்ல தண்ணித் தொட்டிக்குள் போகிறது. தொட்டிக்குள்ளும் அதே செடிதான். கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு வாந்தி எடுப்பார் என்று பயந்து, கட்டிலடியிலிருந்த பேசினைக் கையில் எடுத்தேன். அவர் அதைத் தள்ளிவிட்டார். என்னையே வெறித்துப் பார்த்தார்.

"எனக்குத்தான் காய்ச்சின தண்ணி குடுத்த. நீ எதைக் குடிச்ச?"

 எனக்கு வேறு தனியாக யார் காய்ச்சுவார்கள்?

அவர் ட்ரிப் ஏறாத கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, ஜன்னல் பக்கமாக என் முகத்தைத் திருப்பினார். மதிய வெளிச்சம் முகத்தில் அடித்தது. பெருவிரலால் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு மற்ற கண்ணையும் பார்த்தார்.

"வெள்ளையாத்தானே இருக்கு?" என்று கேட்டேன்.

 அவர் என் கையை விடாமலே, கதவுப் பக்கம் திரும்பி, நர்ஸைக் கூப்பிட்டார்.